புதுசை விட பழசுக்கு விலை அதிகம்... கைத்துப்பாக்கிச் சந்தையின் தலைகீழ்க் கணக்கு!

பைக், கார், லேப்டாப், போன்... எதை எடுத்தாலும் செகண்ட் ஹேண்ட் என்றால் விலை குறையும். ஷோரூமை விட்டு வண்டி வெளியே வந்ததுமே மதிப்பு இறங்க ஆரம்பித்துவிடும். நாம் எல்லோரும் பழகிய கணக்கு இது.

இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாக மாறும் ஒரு சந்தை இந்தியாவில் உண்டு. அது, உரிமம் பெற்றவர்களுக்கான கைத்துப்பாக்கிச் சந்தை. இங்கே அரசு நிறுவனம் தயாரித்த புத்தம்புது ரிவால்வர் ஒன்றரை லட்சம் ரூபாய் சுற்றளவில் கிடைக்கும். ஆனால் நாற்பது, ஐம்பது வருடப் பழசான வெளிநாட்டு பிஸ்டல் அதைவிடப் பல மடங்கு விலைக்குக் கைமாறும். அமெரிக்காவில் ஆயிரம் டாலருக்குள் புதிதாகவே கிடைக்கும் ஒரு பிராண்டுக்கு, இங்கே பழைய பீஸுக்கே பல லட்சம் கேட்பார்கள்.

அப்படியென்றால் பழசு அவ்வளவு தரமானதா? புதுசு அவ்வளவு மோசமா? இரண்டுமே இல்லை. விலைப் பட்டியல் சொல்வது வேறு ஒரு கதை.

முதலில் உரிமம், பிறகுதான் விலை

ஆயுதச் சட்டம் 1959-ன்படி, உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். தமிழகத்தில் மாவட்டங்களில் ஆட்சியரிடமும், சென்னை போன்ற காவல் ஆணையரகப் பகுதிகளில் ஆணையரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். போலீஸ் விசாரணை, உயிருக்கு உண்மையிலேயே அச்சுறுத்தல் இருக்கிறதா என்ற பரிசீலனை எல்லாம் முடிந்த பிறகுதான் முடிவு. விண்ணப்பித்த எல்லோருக்கும் கிடைத்துவிடாது.

2019-ல் வந்த சட்டத் திருத்தம் இன்னொரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. அதுவரை ஒருவர் 3 துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம். இப்போது 2 மட்டுமே. பரம்பரையாக வரும் துப்பாக்கியும் இந்த எண்ணிக்கைக்குள் அடக்கம். உரிமத்தின் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டானதும் இதே திருத்தத்தில்தான்.

ஆக, ஒரு தடவை தப்பாகத் தேர்ந்தெடுத்தால், ‘போகட்டும், இன்னொன்று வாங்கிக்கலாம்’ என்று சொல்ல முடியாது. கைவசம் இருப்பதே இரண்டு இடம்தான்.

பழசுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி?

1980-களின் நடுப்பகுதியில் மத்திய அரசு, பொதுமக்கள் துப்பாக்கி இறக்குமதி செய்வதற்குக் கதவைச் சாத்தியது. அங்கீகாரம் பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றவர்கள் கடைக்குப் போய் புதிய வெளிநாட்டு பிஸ்டல் வாங்க வழி இல்லை.

கதவு மூடும் முன்பு உள்ளே வந்த துப்பாக்கிகள்தான் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வால்தர், வெப்லி, கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸன் என்று பெயர்கள் பெரியவை. ஆனால் எண்ணிக்கை கூடாது. சில துருப்பிடித்துப் போகும், சில காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டு அப்படியே கிடக்கும். சரக்கு வருடா வருடம் குறைகிறது, கேட்பவர்கள் குறையவில்லை. விலை ஏறாமல் என்ன செய்யும்?

அதனால், பழைய வெளிநாட்டு பிஸ்டலுக்குக் கொடுக்கும் சில லட்சங்களில் பெரும்பகுதி தரத்துக்கான விலை இல்லை. தட்டுப்பாட்டுக்கான விலை. இந்த வித்தியாசம் புரிந்தாலே பாதி முடிவு எடுத்த மாதிரி.

புதுசு என்றால் என்ன கிடைக்கும்?

அரசின் படைக்கலத் தொழிற்சாலைகள் பல ஆண்டுகளாகப் பொதுமக்களுக்கு .32 ரிவால்வர்களைத் தயாரித்து வருகின்றன. 2014-ல் டைட்டானியம் கலவையில், சுமார் 500 கிராம் எடையில் ‘நிர்பீக்’ வந்தது. அப்போது அதன் விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். 2021 அக்டோபர் 1-ல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு 7 அரசு நிறுவனங்களாகப் பிரிந்தது. அதில் ஒன்று கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யூப்மென்ட் இந்தியா. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் இந்த நிறுவனத்தின் கீழ்தான் வருகிறது. 2023 ஆகஸ்டில் இந்த நிறுவனம் ‘பிரபல்’ என்ற ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் வகை என்பதால், தோட்டா போட ரிவால்வரையே மடக்கித் திறக்க வேண்டியதில்லை.

தனியாரும் களத்தில் இருக்கிறார்கள். பர்மிங்ஹாமில் பிறந்த வெப்லி அண்ட் ஸ்காட், உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் 2020 முதல் .32 ரிவால்வர் தயாரிக்கிறது. ‘வெளிநாட்டுப் பெயர்தான் வேணும்’ என்பவர்களுக்கு, பழசைத் தேடி அலையாமல் இருக்க இப்படியும் ஒரு வழி.

ஆனால் புதுசில் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது: வரி. ரிவால்வர், பிஸ்டலுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகிவிட்டது. அடிப்படை விலை 1 லட்சம் என்று வைத்துக்கொண்டால், முன்பு கையிலிருந்து போனது 1.28 லட்சம், இப்போது 1.40 லட்சம்.

பழசில் இந்தச் சுமை வேறு மாதிரி. ஒரு தனிநபர் தன் சொந்தத் துப்பாக்கியை இன்னொரு தனிநபருக்கு விற்றால், அது வியாபாரம் ஆகாது, ஜிஎஸ்டி வராது. பழைய பொருளை வாங்கி விற்கும் டீலர், மார்ஜின் முறையில் வரி கட்டினால், தன் லாபத்துக்கு மட்டும்தான் வரி.

அப்போ, உண்மையில் எத்தனை சாய்ஸ்?

‘புதுசா, பழசா?’ என்று இரண்டாகப் பிரித்தால் குழப்பம்தான் மிஞ்சும். இந்தியாவில் இது மூன்று வழிப் பாதை.

பழைய இந்தியத் தயாரிப்பு: மூன்றில் விலை குறைந்தது இதுதான். வயதானவர்கள், வாரிசுகள், இனி தேவையில்லை என்று முடிவு செய்தவர்கள் விற்பது. சாதாரண செகண்ட் ஹேண்ட் கணக்கு இங்கே மட்டும்தான் வேலை செய்யும்.

புதிய இந்தியத் தயாரிப்பு: வரியோடு சேர்த்தால் நடுத்தர விலை. யார் கையில் இருந்தது, எப்படிப் பராமரித்தார்கள் என்ற கேள்வியே இல்லை. உதிரி பாகமும் சர்வீஸும் உள்நாட்டிலேயே கிடைக்கும்.

பழைய வெளிநாட்டுத் தயாரிப்பு: விலை மிக அதிகம். பெயரும் வேலைப்பாடும் உண்டு. ஆனால் ஒரு ஸ்பிரிங் உடைந்தாலும் அதே மூடிய கதவின் முன்தான் போய் நிற்க வேண்டும்.

‘தங்கம் மாதிரி, நாளைக்கு நல்ல விலைக்கு விற்றுவிடலாம்’ என்ற பேச்சும் இந்தச் சந்தையில் அடிபடும். இறக்குமதிக் கொள்கை மாறாது என்று கட்டும் பந்தயம் அது. உள்நாட்டில் நல்ல ரிவால்வர்கள் பெருகினாலோ, இறக்குமதி விதி தளர்ந்தாலோ, தட்டுப்பாட்டுக்காகக் கொடுத்த லட்சங்கள் திரும்பி வராது. விற்பதும் நினைத்தவுடன் முடியாது. வாங்குபவரிடமும் உரிமம் இருக்க வேண்டும்.

தோட்டா எங்கே கிடைக்கும்?

விலையைப் பார்க்கும் பலர் மறந்துவிடும் கேள்வி இது. இந்தியாவில் சாதாரண மக்களுக்கான கைத்துப்பாக்கி என்றாலே பெரும்பாலும் .32 போர்தான். புனே அருகே கட்கியில் உள்ள அரசுத் தொழிற்சாலை இதற்குத் தோட்டா தயாரிக்கிறது.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. .32 ரிவால்வர் தோட்டாவும் .32 பிஸ்டல் தோட்டாவும் ஒன்றல்ல. எண் ஒன்றாக இருப்பதால் மாற்றிப் போடலாம் என்று நினைப்பது ஆபத்து. பழைய வெளிநாட்டு பீஸ் ஏதாவது அபூர்வ அளவில் இருந்தால், தோட்டா தேடியே காலம் போகும். சுட முடியாத துப்பாக்கிக்கு எத்தனை லட்சம் கொடுத்தாலும் அது அலமாரிப் பொருள்தான்.

இன்னும் பெரிய சிக்கல், தடை செய்யப்பட்ட போர். 9 மி.மீ., .38, .455 போன்ற படையினர் பயன்படுத்தும் தோட்டாவைச் சுடக்கூடிய கைத்துப்பாக்கிகள் இந்த வகை. சாதாரண உரிமத்தில் இவற்றை வாங்க முடியாது. தடை செய்யப்பட்ட ஆயுதத்தைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால், 2019 திருத்தத்தின்படி 7 முதல் 14 ஆண்டுகள் வரை சிறை. ‘சீப்பா ஒரு 9 எம்எம் இருக்கு, வேணுமா?’ என்று யாராவது கேட்டால், அந்த வார்த்தையிலேயே விலகிவிட வேண்டும்.

நம்பர் அழிந்திருந்தால் யார் மாட்டுவது?

பழசு வாங்குபவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஆயுதச் சட்டத்தின் 8-வது பிரிவு. தயாரிப்பாளர் பெயர், எண் போன்ற அடையாளங்கள் இல்லாத துப்பாக்கியை விற்கவோ கைமாற்றவோ கூடாது. அந்த அடையாளத்தை அழிப்பதும் குற்றம். அழிக்கப்பட்ட துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் அழித்தார் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். ‘நான் வாங்கும்போதே அப்படித்தான் சார் இருந்தது’ என்று நிரூபிக்கும் பொறுப்பு வாங்கியவர் தலையில்.

பழைய துப்பாக்கிக்குப் புதிதாகப் பாலிஷ் போட்டிருந்தால் அதனால்தான் சந்தேகப்பட வேண்டும். பளபளப்புக்கு அடியில் எழுத்துகள் மங்கி, விளிம்பு தேய்ந்திருந்தால், யாரோ அரைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். துருவை மறைக்க அரைத்திருக்கலாம்; எண்ணை மறைக்கவும் அரைத்திருக்கலாம்.

தனிநபரிடமிருந்து வாங்கும்போது இன்னொரு விதியும் உண்டு. விற்பவர் யாருக்கு விற்கப் போகிறார் என்பதை மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு 45 நாள் கழிந்தால்தான் துப்பாக்கி கைமாறலாம். ‘இன்னைக்கே எடுத்துக்கோங்க, பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று சொல்பவரிடம் வாங்கினால், வாங்கும் பொருள் துப்பாக்கி மட்டுமல்ல, ஒரு வழக்கும்தான்.

கையில் எடுத்துப் பார்த்தால் என்ன தெரியும்?

ஆவணம் சரியாக இருந்தால், அடுத்தது பொருள். முதல் வேலை, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் உறுதி செய்வது. பிறகு:

* குழல்: ஒரு பக்கம் வெளிச்சம் காட்டி மறுபக்கம் பார்க்க வேண்டும். உள்ளே மோதிரம் போல நிழல் தெரிந்தால் குழல் வீங்கியிருக்கலாம். சிறு சிறு குழிகள் இருந்தால் துரு தின்றிருக்கிறது.
* சிலிண்டர்: ரிவால்வரில் ஒவ்வொரு அறையும் குழலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். சுடும் நிலையில் சிலிண்டர் அதிகமாக ஆடினால் தேய்மானம். நேராக வராவிட்டால், சுடும்போது ஈயத் துகள் பக்கவாட்டில் தெறிக்கும்.
* சுத்தியல்: பின்னால் இழுத்து வைத்தபின் விரலால் லேசாகத் தள்ளினால் விழக் கூடாது. விழுந்தால், ட்ரிகரைத் தொடாமலே வெடிக்கும் அபாயம்.
* பிஸ்டல் என்றால் மேகசின்: அந்த மாடலுக்கான மேகசின்தானா, இன்னொன்று கிடைக்குமா என்று கேட்க வேண்டும்.

இதையெல்லாம் யூடியூப் பார்த்து நாமே முடிவு செய்வதைவிட, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் காட்டுவது நல்லது. லட்சக்கணக்கில் போடும் பணத்துக்கு முன்னால் அந்தக் கூலி பெரிதல்ல.

வாங்கிய பிறகும் செலவு நிற்காது

பூட்டு வைத்த இரும்புப் பெட்டி, பயிற்சி, தோட்டா, உரிமம் புதுப்பித்தல் என்று தொடரும். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள், அலைச்சலும் சேர்த்தி. வீட்டில் குழந்தைகள் இருந்தால் பெட்டிக்கான செலவில் மிச்சம் பிடிக்கவே கூடாது. துப்பாக்கி பட்ஜெட்டை முடிவு செய்யும்போதே இதற்கும் ஒரு தொகையை ஒதுக்கிவிடுவது புத்திசாலித்தனம்.

சரி, எதை வாங்கலாம்?

பாதுகாப்புக்காக உரிமம் பெற்று, முதன்முறை வாங்குபவருக்குப் புதிய இந்திய ரிவால்வர் பொருத்தமானது. 40% வரி கசக்கும்தான். ஆனால் தெளிவான ஆவணம், கிடைக்கும் தோட்டா, உள்நாட்டு சர்வீஸ் என்று அந்தப் பணத்துக்குப் பதில் கிடைக்கிறது. பட்ஜெட் இடிக்கிறது என்றால், எண் தெளிவாகத் தெரியும், பழுதுபார்ப்பவர் பார்த்து ஓகே சொன்ன, 45 நாள் விதியை மதிக்கும் ஒருவரிடமிருந்து பழைய இந்திய ரிவால்வர் வாங்கலாம். பழைய வெளிநாட்டு பிஸ்டல், அதன் வரலாற்றையும் வேலைப்பாட்டையும் ரசித்து, அந்தப் பணம் திரும்பாவிட்டாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு மட்டும்.

இந்தச் சந்தையில் அதிக விலை என்பது தரத்துக்கான சான்றிதழ் இல்லை. குறைந்த விலை என்பது லாபமும் இல்லை. விலையைப் பேசும் முன் எண்ணைப் பாருங்கள், தோட்டாவைக் கேளுங்கள், பேப்பரைப் படியுங்கள். மூன்றில் ஒன்று இடித்தாலும், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வேண்டாம்.