கொட்டகைக்குள் ஒரு கவிஞர்

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் இங்கிலாந்தில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே, 21ஆம் நாள், 'கார்டியன்' நாளேட்டில் ஒரு கவிதை வந்துவிட்டது. கவிதையின் பெயர் 'லாக்டவுன்'. எழுதியவர் சைமன் ஆர்மிடேஜ். 2019இல் பிரிட்டனின் அரசவைக் கவிஞராகப் பதவி ஏற்றவர்.

அரசவைக் கவிஞர் என்றதும் பொன்னாடையும் பல்லக்கும் நம் நினைவுக்கு வரும். இவரோ யார்க்‌ஷயர் மலைப்பக்கத்துச் சிற்றூர்க்காரர். கல்லூரியில் புவியியல் படித்தவர். (விஞ்ஞான மாணவர்களுக்குக் கவிதை எதற்கு என்று கேட்கும் விடுதி நண்பர்கள் இதைக் குறித்துக் கொள்க!) நன்னடத்தைக் கண்காணிப்பு அலுவலராகச் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுப் பிறகே முழுநேர எழுத்தாளரானார். வீட்டுத் தோட்டத்தில் இவருக்கு ஒரு சிறு கொட்டகை உண்டு. எழுதுவது அங்கேதான். பி.பி.சி. வானொலியில் 2020 மார்ச்சில் இவருடைய உரையாடல் தொடர் ஒன்று தொடங்கியபோது, அதற்கு இட்ட பெயரே 'அரசவைக் கவிஞர் கொட்டகைக்குப் போயிருக்கிறார்' என்பதுதான்.

அக்காலத்தில் அவர் கையில் இருந்த வேலை, 'ஆந்தையும் இராப்பாடியும்' என்னும் பழைய ஆங்கிலக் கவிதையை இக்கால ஆங்கிலத்தில் பெயர்ப்பது. சுமார் 800 ஆண்டுப் பழமை உடையது. ஏறத்தாழ 1,800 அடி. ஆந்தையும் இராப்பாடிக் குருவியும் யார் உயர்ந்தவர் என்று வாதாடுகின்றன. முடிவில் நடுவரைத் தேடிப் பறந்துவிடுகின்றன. தீர்ப்பு என்ன என்பது சொல்லப்படவே இல்லை. அந்தப் பெயர்ப்பு 2021இல் நூலாக வெளிவந்தது. வெளியே உலகம் நின்றுபோன காலத்தில் உள்ளே நாள்தோறும் நடந்த வேலை இது.

இனி அந்தக் கவிதைக்கு வருவோம். அதில் கொரோனா என்ற சொல்லுக்கு இடமில்லை. கவிஞர் உறக்கம் பிடிக்காமல் கிடக்கிறார். நினைவு 'ஈம்' என்ற ஊருக்குப் போகிறது.

ஈம், டார்பிஷயர் மலைகளுக்கு இடையே உள்ள ஊர். 1665 செப்டம்பரில் அங்கே ஒரு தையற்காரர் வீட்டுக்கு இலண்டனிலிருந்து துணி மூட்டை வந்தது. ஈரமாயிருந்த துணியை விரித்து உலர்த்தினார் அங்கு வேலை செய்த ஒருவர். சில நாட்களில் அவர் இறந்தார். துணியிலே தெள்ளுப்பூச்சி, அதிலே பிளேக் கிருமி என்பது மரபாகச் சொல்லப்படும் காரணம். 1666 ஜூனில், பாதிரியார் வில்லியம் மாம்பெஸன், முன்பு அங்கே பாதிரியாராக இருந்த தாமஸ் ஸ்டான்லி ஆகிய இருவரும் ஊராரைக் கூட்டிப் பேசினர். ஊரை விட்டு எவரும் வெளியேறுவதில்லை என்று முடிவாயிற்று. எல்லையில் ஒரு கல், கல்லில் குழிகள், குழிகளில் காடி. அதற்குள் காசைப் போட்டுவிட்டு வருவார்கள். அயலூரார் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். நோய் ஓய்வதற்குள் ஏறத்தாழ 260 பேர் மாண்டனர். மாம்பெஸனின் மனைவியும் மாண்டார். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாளில் கணவனையும் ஆறு குழந்தைகளையும் தானே குழி தோண்டிப் புதைத்தாள்.

காடியில் காசு போட்டவர்களைக் கண்டு நாம் சிரிக்க முடியாது. 2020இல் நம் வீடுகளில் ரூபாய் நோட்டுக்கு இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டியவர்கள் இல்லையா? பிளேக் கிருமியை எர்சின் கண்டதே 1894இல், ஹாங்காங்கில். தெள்ளுப்பூச்சியின் பங்கைச் சிமோன் காட்டியது 1898இல், கராச்சியில். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட ஈம் மக்கள், பொருள் வழியே நோய் பரவும் என்று ஊகித்ததும், புளிப்புக்குக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் உண்டு என்று அனுபவத்தில் அறிந்திருந்ததும் வியப்பே.

ஆனால் ஓர் ஐயம் எனக்கு நெடுநாள் இருந்தது. எலியும் தெள்ளுப்பூச்சியும் எல்லைக்கல்லை மதிக்குமா? மனிதரை மட்டும் அவற்றோடு சேர்த்து உள்ளே பூட்டியது வீண் பலிதானோ? ஈம் ஊர்ப் பதிவேடுகளைக் கணக்கிட்டு 2016இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இதற்கு விடை தருகிறது. எலி வழியே தொற்றியது நான்கில் ஒரு பங்குதான். எஞ்சியது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியதாம். அப்படியானால் அவர்கள் உள்ளே இருந்தது அயலூர்களுக்கு உண்மையிலேயே காப்பு.

ஈமில் ஒரு காதல் கதையும் வழங்குகிறது. ஊருக்குள் எம்மட் என்ற பெண். அயலூரில் ரோலண்ட் என்ற இளைஞன். இடையே ஓடை. எட்ட நின்றே பார்த்துக் கொண்டார்கள். ஒரு நாள் அவள் வரவில்லை. பிறகு வரவே இல்லை. ஆர்மிடேஜ் இக்காதலரை நினைத்தபடியே மீண்டும் உறங்குகிறார். இப்போது கனவில் வருவது இங்கிலாந்து அன்று. நம் காளிதாசனின் யட்சன்!

குபேரனின் சாபத்தால் ஓராண்டு மனைவியைப் பிரிந்து இராமகிரியில் வாடும் யட்சன், கார்காலத் தொடக்கத்தில் வந்த முகிலிடம் அளகாபுரிக்குச் சேதி சொல்லி அனுப்புகிறான். அதுதான் 'மேகதூதம்'. முகில் போகும் வழியில் உள்ள ஆறும் மலையும் உச்சயினி மாநகரமும் அவன் வாயிலாகவே நமக்குக் காட்டப்படுகின்றன. அடைபட்டவன் ஊரெல்லாம் சுற்றும் உத்தி இது. தமிழருக்கு இது புதிதன்று. நம் தூது இலக்கண மரபு தூது விடுவதற்குரியவை என எண்ணும் பத்தில் முகிலும் ஒன்று. டார்பிஷயர் ஓடையையும் இந்த முகிலையும் ஒரே இரவில் சேர்த்து வைத்த துணிவுக்காகவே ஆர்மிடேஜைப் பாராட்டலாம்.

எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. யட்சனுக்கு உட்கார மலை இருந்தது. கவிஞருக்குக் கொட்டகை இருந்தது. 2020 மார்ச் 25இல் இந்தியாவில் ஊரடங்கு தொடங்கியபின், மூட்டையும் பிள்ளையுமாக நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கான மைல் நடந்த கூலித் தொழிலாளிக்கு எது இருந்தது? பொறுமையாய் இருங்கள் என்ற தொனி அக்கவிதையின் முடிவில் இருக்கிறது. கதவுள்ள வீட்டில் இருப்பவருக்கே அது முழுதும் பொருந்தும்.

கவிஞருக்கும் இது தோன்றியிருக்க வேண்டும். அதே ஆண்டில் அக்கவிதையைத் தம் இசைக்குழுவைக் கொண்டு பாட்டாக்கினார். நடிகை புளோரன்ஸ் பியூ அதில் குரல் கொடுத்தார். வருவாய் முழுவதும் 'ரெஃப்யூஜ்' என்ற சங்கத்துக்குப் போயிற்று. வீட்டுக்குள் கணவரிடம் அடிபட்டு, ஊரடங்கில் வெளியேறவும் வழியற்றுப்போன பெண்களுக்குப் புகலிடம் தேடித் தரும் சங்கம் அது.