இயர்பட் காது மிஷின் ஆகுமா?

டிரான்சிஸ்டர் பொருத்தி மக்கள் கைக்கு வந்த முதல் பொருள் ரேடியோ என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் அது காது கேட்கும் கருவி. 1952 கடைசியில் அமெரிக்காவின் சோனோடோன் நிறுவனம் '1010' என்ற கருவியைக் கொண்டுவந்தது. உள்ளே இரண்டு வால்வு, ஒரு டிரான்சிஸ்டர். விலை 229 டாலர் 50 சென்ட். டிரான்சிஸ்டர் ரேடியோ கடைக்கு வர அதன் பிறகு கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு ஆயிற்று. டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த பெல் ஆய்வுக்கூடம், காது கேளாதோருக்கு ஆசிரியராக இருந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் நினைவாக, காதுக் கருவி செய்தவர்களிடம் மட்டும் உரிமத்தொகை வாங்கவில்லை.

எழுபது ஆண்டு கழித்து வரிசை தலைகீழாகியிருக்கிறது. பாட்டு கேட்கச் செய்த இயர்பட் இப்போது காது மிஷினின் வேலைக்கு வந்திருக்கிறது. 18 வயது நிரம்பி, லேசான அல்லது நடுத்தரமான செவித்திறன் குறைவு இருப்பதாக உணர்பவர்கள் மருத்துவச் சீட்டு இல்லாமலே கருவி வாங்கிக்கொள்ளலாம் என்ற விதி அமெரிக்காவில் 2022 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. 2024 செப்டம்பர் 12 அன்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் ஆப்பிளின் ஏர்பாட்ஸ் புரோ 2-க்கான ஒரு மென்பொருளுக்கு அனுமதி கொடுத்தது. பொருள் பழசுதான், ஏற்கெனவே ஏராளமானோர் காதில் இருந்தது. ஒரு அப்டேட் வந்ததும் அது காது கேட்கும் கருவி ஆகிவிட்டது.

சத்தத்தைக் கூட்டுவதற்கு ஏன் அனுமதி, மென்பொருள் என்று இத்தனை ஆர்ப்பாட்டம்? சத்தத்தை மட்டும் கூட்டினால் பயனில்லை என்பதுதான் காரணம்.

உள்காதில் சுருண்டு கிடக்கும் காக்லியாவுக்குள் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. வாசல் பக்கம் உள்ளவை கீச்சுச் சுருதிக்கு, உட்கோடியில் உள்ளவை கட்டைச் சுருதிக்கு. வயதாகும்போதும், ஆலைச் சத்தத்தில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தாலும், பெரும்பாலும் முதலில் அடிபடுவது வாசல் பக்கத்துச் செல்கள்தான். மனிதருக்கு அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. பேச்சில் உயிரெழுத்துகள் தாழ்ந்த சுருதியில் வலுவாக ஒலிக்கும். க, ச, ட, த, ப இவற்றைப் பிரித்துக் காட்டும் ஒலியோ பெரும்பாலும் மேல் சுருதியில் மெலிதாக, கண நேரம் வந்து போகும். அதனால்தான் வீட்டுப் பெரியவருக்கு யாரோ பேசுவது தெரிகிறது. சொன்னது 'பாட்டா', 'காத்தா' என்பது தெரிவதில்லை. "சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல" என்பார். சமாளிக்கிறார் என்று நாம் நினைப்போம். அவர் சொல்வது அப்பட்டமான உண்மை.

நாம் உடனே கத்துவோம். கத்தும்போது பெரும்பாலும் ஓங்குவது உயிரெழுத்து. அவருக்கு அது முன்பே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தவிர, மெல்லிய ஒலி கேட்காமல் போன காதுக்குப் பெரிய ஒலியைத் தாங்கும் சக்தி கூடிவிடுவதில்லை. "ஏம்ப்பா இப்படிக் கத்துற" என்ற கோபம் அங்கிருந்து வருகிறது.

ஆக, நல்ல கருவிக்கு இரண்டு வேலை. இழந்த சுருதியை மட்டும் தேவையான அளவு தூக்க வேண்டும். தூக்கும்போதும் மெல்லிய ஒலியை நிறைய, ஓங்கிய ஒலியைக் கொஞ்சமாக, காதைக் கிழிக்கும் ஒலியை அறவே தூக்காமல் விட வேண்டும். எவ்வளவு தூக்குவது என்பதற்கு 1944-லேயே சாமுவேல் லைபார்கர் ஒரு கணக்கு சொன்னார்: குறைந்ததில் பாதி. 40 டெசிபல் குறைந்திருந்தால் 20 டெசிபல் தூக்கு. இன்றைய சூத்திரங்கள் எவ்வளவோ நுணுக்கமானவை, ஆனால் அந்தப் பாதிக் கணக்கின் வாடை இன்னும் போகவில்லை. இணையத்தில் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஒலிபெருக்கிகளில் பல இந்த வேலைகள் எதையும் செய்யாமல் பேச்சு, ஃபேன், பக்கத்துவீட்டு மிக்ஸி எல்லாவற்றையும் ஒரே தூக்காகத் தூக்குகின்றன. அவற்றை வாங்கிக் கொடுப்பதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேசலாம்.

இயர்பட் இந்த அளவை எப்படித் தெரிந்துகொள்கிறது? ஆப்பிள் ஏற்பாட்டில் ஐபோனே சோதனை வைக்கிறது. சுற்றிலும் சத்தம் இருக்கிறதா, ரப்பர் முனை காதில் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளும். பிறகு ஒரு காதில் 'பீப், பீப்' என்று ஓர் ஒலி. கேட்டால் திரையைத் தட்ட வேண்டும். ஒலி மெலிந்துகொண்டே போகும், வேறு சுருதிக்குத் தாவும், ஓசையே இல்லாமல் உங்களைக் காக்க வைக்கும். கற்பனையில் கேட்ட ஒலிக்கும் விரல் தட்டத் துடிக்கும். ஆஸ்பத்திரியில் ஆடியோகிராம் எடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஐந்து நிமிடத்தில் இரண்டு காதுக்கும் தனித்தனியே வரைபடம் வந்துவிடும். அதைப் பார்த்து இயர்பட் தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. அனுமதிக்கு முன் 118 பேரிடம் நடந்த ஆய்வில், இப்படித் தாமே சரிசெய்துகொண்டவர்கள் உணர்ந்த பலனும் நிபுணர் சரிசெய்து கொடுத்தவர்கள் உணர்ந்த பலனும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

இந்தியாவில் அப்போது இந்த வசதி திறக்கப்படவில்லை. 2024 நவம்பரில் பெங்களூரு இளைஞர்கள் மூவர், அவர்களில் ஒருவருடைய பாட்டிக்காக, அதைத் திறந்து காட்டினார்கள். ஆப்பிள் கருவி தன் இருப்பிடத்தைச் சுற்றியுள்ள வைஃபை பெயர்களை வைத்தும் ஊகிக்கும். எனவே செம்புவலையும் அலுமினியத் தாளும் வைத்துக் கூண்டு கட்டி, மைக்ரோவேவ் அடுப்பை ஓடவிட்டு அதன் இரைச்சலால் அக்கம்பக்கத்து வைஃபையை மூழ்கடித்து, உள்ளே கலிபோர்னியாவின் மென்லோ பார்க் வைஃபை அடையாளங்களை ஒரு சின்னச் சில்லின் வழியாக ஒலிபரப்பினார்கள். கருவி அமெரிக்காவில் இருப்பதாக நம்பிவிட்டது. மற்றவர்களின் தாத்தா பாட்டிகளுக்கும் செய்து தருகிறோம் என்று அறிவித்தார்கள்.

எல்லா இயர்பட்டும் இதற்கு ஆகாது. தடையாக இருப்பது தாமதம். வெளியொலி கொஞ்சம் நேராகவும் காதுக்குள் கசியும். கருவி வழியாக வரும் ஒலி அதைவிடப் பிந்தினால் இரட்டையாகக் கேட்கும். காது கேட்கும் கருவிகள் பொதுவாக 10 மில்லிவினாடிக்குள் வேலையை முடித்துவிடுகின்றன. போன் மைக்கில் வாங்கி புளூடூத்தில் அனுப்பினால் 100 மில்லிவினாடியைத் தாண்டிவிடும். தன் குரலே எதிரொலியாகத் திரும்பி வந்தால் யாரால் பேச முடியும்? ஏர்பாட்ஸில் ஒலியை வாங்குவது, திருத்துவது, ஒலிப்பது எல்லாம் இயர்பட்டுக்குள்ளேயே நடப்பதால்தான் அது தப்பிக்கிறது.

ஆனால் போன் வழிக்கும் ஓர் இடம் உண்டு. திறந்த வெளியில், மைக்குக்கும் பேசுபவருக்கும் உள்ள தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் பேச்சு 6 டெசிபல் கூடும். நான்கு மீட்டரிலிருந்து அரை மீட்டருக்கு வந்தால் 18 டெசிபல், அதுவும் பின்னணி இரைச்சல் கூடாமல். ஐபோனின் லைவ் லிசன், ஆண்ட்ராய்டுக்கு கூகுள் தரும் சவுண்ட் ஆம்ப்ளிஃபையர் இரண்டுமே போனின் மைக்கைப் பயன்படுத்தக்கூடியவை. உபன்யாசம் கேட்கும் அம்மாவுக்கு மேடையருகே போனை வைத்துவிட்டால் போதும், அவர் பதில் பேச வேண்டியதில்லை. வயர் இயர்போனிலேயே ஆண்ட்ராய்டில் முயன்று பார்க்கலாம். புளூடூத் தாமதமும் மிச்சம்.

இரைச்சலுக்கு நடுவே எப்படி? தைபேயின் வெட்டரன்ஸ் ஜெனரல் மருத்துவமனையைச் சேர்ந்த குழு 21 பேரிடம் நடத்தி 2022-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மையான பதில். அமைதியான இடத்தில் ஏர்பாட்ஸ் புரோ விலை குறைந்த காது மிஷினுக்கு ஈடாக இருந்தது. இரைச்சல் பக்கவாட்டிலிருந்து வந்தபோது உயர்ரகக் கருவிக்கே ஈடுகொடுத்தது. பேசுபவர் இருந்த முன்பக்கத்திலிருந்தே இரைச்சலும் வந்தபோது உதவவில்லை. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரத்துக்கு எதிரே உட்கார்ந்தால் கைவிட்டுவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகள் வேறும் உண்டு. காதை அடைத்துக்கொள்வதால் சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவது போலத் தோன்றும். காது மிஷின்களில் பலவற்றின் முனை காற்றோட்டமாக இருப்பது இதற்காகத்தான். ஏர்பாட்ஸ் புரோ 2-இன் சார்ஜ் ஆறு மணி நேரம் வரைதான். மிஷின் காலையில் மாட்டினால் இரவு வரை நிற்கும். இன்னொன்று, எதிரில் இருப்பவர் நீங்கள் பாட்டு கேட்கிறீர்கள் என்று நினைத்துப் பேசாமல் போய்விடுவார். வங்கிக் கவுன்ட்டரில் நிற்கும்போது "இது காது கேட்கத்தான்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மிஷின் என்றாலே கூச்சப்பட்டு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுபவர் இயர்பட்டைக் கூச்சமில்லாமல் மாட்டிக்கொள்வார் என்பதே என் கணக்கில் இதன் பெரிய லாபம்; விலை, தொழில்நுட்பம் எல்லாம் அடுத்துதான்.

குறை 60 டெசிபலைத் தாண்டினால் இயர்பட் போதாது, முறையான கருவிதான் வேண்டும். குழந்தைகளுக்கு இது கூடவே கூடாது. திடீரென்று கேட்காமல் போனால், ஒரு காது மட்டும் மந்தமானால், சீழ், வலி, தலைசுற்றல் இருந்தால் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போக வேண்டும்; திடீர்க் குறைவுக்கு நாள் கடத்தினால் மருந்து பலிக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். வெறும் காதுக்குறும்பி அடைத்துக்கொண்டும் மந்தமாக இருக்கலாம், அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் ஒரு ஆடியோகிராம் எடுத்துக்கொண்டால் இதெல்லாம் தெளிந்துவிடும். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். போட்டோ எடுத்துக் கொடுத்தால் ஐபோன் அதிலுள்ள அளவுகளைப் படித்து இயர்பட்டுக்கு ஏற்றிக்கொள்ளும்.