“சும்மாதான் இருக்கேன்” – இனி இப்படிச் சொல்லலாமா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்களின் விவரத்தை ஊக்குநர் அக்கா பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பெயர், வயது, படிப்பு எல்லாம் எழுதி முடித்து, “என்ன தொழில்மா?” என்று கேட்டார்.

“தொழிலெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. வீட்டுல சும்மாதான் இருக்கேன்.”

இதைச் சொன்ன சகோதரி விடிகாலை நாலரை மணிக்கு எழுந்தவர். இரண்டு மாடுகளில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றி, மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, படுத்த படுக்கையாக இருக்கும் மாமனாருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, தலையைக்கூட ஒழுங்காக வாராமல் கூட்டத்துக்கு ஓடி வந்தவர். ஆனாலும் ‘சும்மா’தான் இருக்கிறாராம்! அங்கே இருந்த பன்னிரண்டு பேரில் ஒருவருக்குக்கூட அது தப்பாகத் தெரியவில்லை. ஊக்குநர் அக்காவும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கும் தகுதி இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் என் அம்மாவுக்கு ஒரு விண்ணப்பம் நிரப்பினேன். ‘தொழில்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று நானே என் கையால் எழுதினேன். சமூகப்பணி படித்தவள், ஊர் ஊராகப் போய்ப் பெண்ணுரிமை பேசுகிறவள். என்னைப் படிக்க வைக்க அம்மா எத்தனை வருடம் மாடு மேய்த்தார், எத்தனை பேர் வயலில் களை எடுத்தார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கை தானாக அப்படி எழுதிவிட்டது. இந்தக் கட்டுரை எனக்கும் சேர்த்துத்தான்.

இருபத்து நாலு புளியங்கொட்டை

அன்று கூட்டத்தில் ஒரு சின்ன பயிற்சி செய்தோம். தரையில் கோலமாவால் இரண்டு வட்டம் போட்டோம். ஒன்று வீட்டுக்காரருக்கு, ஒன்று நமக்கு. ஒவ்வொரு வட்டத்துக்கும் 24 புளியங்கொட்டை. ஒரு கொட்டை ஒரு மணி நேரம். “நேத்து காலையிலேர்ந்து இன்னிக்குக் காலை வரைக்கும் யார் என்ன செஞ்சீங்களோ அதன்படி பிரிச்சு வைங்க” என்றேன்.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. போகப் போகச் சத்தம் குறைந்தது. கூலி வேலைக்குப் போகும் ஒரு சகோதரியின் கணக்கு இது:

ஆண் வட்டம்: தூக்கம் 8, கூலி வேலை 8, மாட்டுக்குத் தீவனம் 1, சாப்பாடு குளியல் 2, டீக்கடையும் டிவியும் ஊர்ப்பேச்சும் 5.

பெண் வட்டம்: தூக்கம் 6, கூலி வேலை 6, தண்ணீர், சமையல், பாத்திரம், துணி, பிள்ளைகள், மாமியார் எல்லாம் சேர்த்து 8, மாடு 2, சாப்பாடு குளியல் 1, ஓய்வு 1.

கூட்டிப் பாருங்கள். அவர் வேலை 9 மணி நேரம். இவர் வேலை 16 மணி நேரம். “அந்த ஒரு மணி நேர ஓய்வுலயும் நான் பூண்டு உரிச்சுக்கிட்டுதான் டிவி பார்த்தேன் மேடம்” என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம். எனக்கு உள்ளே என்னவோ செய்தது.

இது அந்த ஊர்க் கதை மட்டும் இல்லை. மத்திய அரசு 2019-ல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு எடுத்தது. சம்பளம் இல்லாத வீட்டு வேலையை நூறு பெண்களில் சுமார் 81 பேர் செய்கிறார்கள், நூறு ஆண்களில் 26 பேர்தான் செய்கிறார்கள் என்று தெரிந்தது. வேலை செய்கிறவர்களைப் பார்த்தால், ஒரு பெண் ஒரு நாளைக்கு 299 நிமிடம், ஒரு ஆண் 97 நிமிடம். 2024-ல் மறுபடியும் எடுத்தார்கள். பெண்களுக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88 நிமிடம். நமக்குப் பத்து நிமிடம் குறைந்தது என்று சந்தோஷப்படலாம் என்றால், அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது!

காலண்டர் தாளில் எழுதிய கணக்கு

நேரக் கணக்கு இப்படி. பணக் கணக்கு எப்படி?

எங்கள் பகுதியில் ஒரு உறுப்பினருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனது. எடை தூக்கக்கூடாது, குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்குத் தாய்வீட்டில் யாரும் இல்லை. இருபது நாள் வீட்டை அவர் கணவர்தான் ஓட்ட வேண்டியிருந்தது. நல்ல மனிதர்தான். ஆனால் அடுப்பு பற்ற வைக்கக்கூடத் தெரியாது. சாப்பாடு கடையில் வாங்கினார், ஒரு நாளைக்கு 300 ரூபாய். துணி துவைக்க, பாத்திரம் தேய்க்க ஒரு அம்மாவுக்கு 100 ரூபாய். மாட்டைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்துத் தெருப் பையனுக்கு 150 ரூபாய். ஒரு நாளைக்கு 550, இருபது நாளைக்கு 11,000 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு தனி.

நான் பார்க்கப் போனபோது அந்தக் கணக்கைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். என்னிடம் காட்டி, “இவ எந்திரிச்சா போதும் மேடம்” என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கடனுக்கு மனு கொடுத்தப்போ, இவளுக்கு வருமானம் எதுவும் இல்லேன்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன்” என்றார். அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டதே எனக்குப் பெரிய விஷயம்.

ஒரு சந்தேகம் வரும். “சொந்தப் புருஷன், பிள்ளைக்குச் செய்யறதுக்குக் கூலி கேக்கறதா?” என்று. கூலி கேட்கச் சொல்லவில்லை, சகோதரிகளே. பாசத்துக்கு விலை கிடையாது. ஆனால் பாசத்தோடு செய்தால் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. விவசாயி மண்ணின் மேல் பாசம் வைத்துத்தான் உழுகிறார். அதனால் நெல்லுக்கு விலை வேண்டாம் என்றா சொல்கிறோம்?

கோர்ட்டு என்ன சொல்கிறது?

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 36 கோடிப் பெண்கள் ‘வேலை செய்யாதவர்கள்’ பட்டியலில் இருந்தார்கள். அதே பட்டியலில் பிச்சை எடுப்பவர்களும் சிறைக் கைதிகளும் இருந்தார்கள். 2010-ல் ஒரு சாலை விபத்து வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதை எடுத்துச் சொல்லிக் கண்டித்தது. வீட்டைக் கவனிக்கும் பெண்ணின் உழைப்பைப் பொருளாதார மதிப்பு இல்லாததாக நினைப்பது தவறு என்றது. 2024 பிப்ரவரியில் இன்னொரு விபத்து வழக்கில், இல்லத்தரசியின் வருமானத்தைத் தினக்கூலித் தொழிலாளியின் வருமானத்தை விடக் குறைவாக மதிப்பிடக்கூடாது என்றும் சொன்னது. அதாவது விபத்தில் ஒரு இல்லத்தரசி இறந்தால், ‘சம்பாதிக்காதவர்’ என்று சொல்லி நஷ்ட ஈட்டைக் குறைக்க முடியாது.

நம் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூன் மாதம் கொடுத்த தீர்ப்பு இன்னும் முக்கியமானது. கணவர் பல வருடம் சவுதியில் வேலை பார்த்தவர். மனைவி ஊரில் இருந்து பிள்ளைகளை வளர்த்து வீட்டைக் கவனித்தவர். பிறகு சொத்துத் தகராறு வந்து, எல்லாம் என் சம்பாத்தியத்தில் வாங்கியது என்றார் கணவர். மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்தது, அந்தச் சொத்தை வாங்கியதில் மனைவியின் உழைப்பும் இருக்கிறது, அவருக்குச் சரிபாதி உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இதற்கென்று நம் மாநிலத்தில் தனிச் சட்டம் இல்லை. ஒவ்வொரு வழக்கும் அதன் ஆதாரத்தைப் பொறுத்தது. கோவாவில் போர்ச்சுக்கீசியர் காலத்துச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் எதுவும் செய்யாவிட்டால், கணவன் மனைவி சொத்து இருவருக்கும் பொது. நம் ஊரில் அப்படி இல்லை. ஆகவே காகிதத்தைக் கையில் வைத்திருப்பவர்களுக்குத்தான் பலம்.

அரசியல் நமக்கு எதுக்கு?

“இதெல்லாம் வீட்டு விஷயம், இதுல அரசியல் எதுக்கு மேடம்?” என்று ஒரு அக்கா கேட்டார். வீட்டு விஷயம்தான் அக்கா பெரிய அரசியல்.

1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெண்களுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 1989-ல்தான் தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகன்களோடு சம பங்கு கொடுக்கும் சட்டத்திருத்தம் வந்தது. இடையில் 60 வருடம்! 2005-ல் அது நாடு முழுவதற்கும் வந்தது. அதே 1989-ல்தான் தர்மபுரி மாவட்டத்தில் நம் சுய உதவிக் குழுக்களும் தொடங்கின. யாரோ சலிக்காமல் கேட்டதால்தான் நாம் இன்று பாஸ்புக்கைக் கையில் வைத்து உட்கார்ந்திருக்கிறோம்.

2011-ல் மிக்சி, கிரைண்டர் கொடுத்தபோது பலர் ‘இலவசம்’ என்று கேலி பேசினார்கள். கேலி பேசினவர்களில் எத்தனை பேர் ஆட்டுக்கல்லில் மாவாட்டியவர்கள்? 2021-ல் வந்த கட்டணமில்லாப் பேருந்துப் பயணம், 2022-ல் தொடங்கிய பள்ளிக் காலை உணவு, 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை, எல்லாமே நம் நேரத்தோடும் உழைப்போடும் சம்பந்தப்பட்டவை. அந்தத் திட்டத்தின் பெயரில் ‘உதவி’ என்று இல்லை, ‘உரிமை’ என்று இருந்தது. அந்த ஒரு வார்த்தை எனக்குப் பிடித்தது.

இது என் சொந்தக் கருத்து. யாருக்கும் ஓட்டுக் கேட்கவில்லை. எந்தக் கட்சி ஆட்சியாக இருந்தாலும், நமக்குக் கொடுப்பதைத் தருமம் மாதிரி வாங்கிக்கொண்டு கும்பிடு போட வேண்டியதில்லை. அதே நேரம் ஆயிரம் ரூபாயோடு திருப்திப்பட்டுவிடவும் கூடாது. குழாயில் தண்ணீர் தினமும் வந்தால் நமக்கு ஒரு மணி நேரம் மிச்சம். அங்கன்வாடி மாலை வரை இருந்தால் கூலிக்குப் போகிற தாய்க்கு நிம்மதி. வயதான மாமியாருக்கு ஊரிலேயே பிஸியோதெரபி கிடைத்தால் மருமகளுக்கு முதுகுவலி குறையும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

1. எந்தப் படிவத்திலும் ‘தொழில் இல்லை’ என்று எழுதாதீர்கள். மாடு வளர்ப்பு, தையல், விவசாயக் கூலி, வீட்டுப் பராமரிப்பு என்று உண்மையை எழுதுங்கள். பதிவேடு எழுதும் ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் இதை முதலில் கவனிக்க வேண்டும்.

2. வீடு கட்ட, நிலம் வாங்க நகையை அடகு வைத்தாலோ விற்றாலோ ரசீதைப் பத்திரமாக வையுங்கள். குழுக் கடனை வீட்டுக்குக் கொடுத்தால் என்ன காரணத்துக்கு என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள். முடிந்தவரை பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். பிற்காலத்தில் இவைதான் ஆதாரம்.

3. புதிதாக வாங்கும் சொத்தைப் பெண் பெயரிலோ இருவர் பெயரிலோ பதியச் சொல்லுங்கள். தமிழக அரசு 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை அறிவித்தது. “கட்டணம் குறையுமாம்” என்று சொன்னால் வீட்டில் காது கொடுத்துக் கேட்பார்கள்!

4. பிரச்சினை என்று வந்தால் பயப்படாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உதவி கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். 15100 என்ற எண்ணுக்கு போன் செய்து கேட்கலாம்.

5. கிராம சபையில் பேசுங்கள். உலக தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் நம் மாநிலத்தில் கிராம சபை நடத்துவது 2022 முதல் சேர்க்கப்பட்டது. அன்று குடத்தோடு நிற்கிற நேரத்தைப் பற்றிப் பேசாமல் வேறு என்று பேசப்போகிறோம்?

6. கடைசியாக, ரொம்பக் கஷ்டமானது. மகன் சாப்பிட்ட தட்டை மகனே கழுவட்டும். என் வீட்டில் ஏழு வயதுப் பையன் இப்போது கழுவுகிறான். முதல் வாரம் என் மாமியார் முகம் சுளித்தார். “ஆம்பளப் பிள்ளைய எதுக்கும்மா...” என்றார். இப்போது அவரே, “டேய், அடிப்பக்கம் சரியாத் தேய்” என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிறார்.

அடுத்த கூட்டத்தில் பேசுவதற்கு

உங்கள் குழுவிலும் புளியங்கொட்டைப் பயிற்சியைச் செய்து பாருங்கள். வீட்டில் கணவர், மாமியார், பிள்ளைகளோடும் ஒரு நாள் செய்யுங்கள். சண்டையாகச் செய்யாமல் விளையாட்டாகச் செய்யுங்கள். யார் வட்டத்தில் எத்தனை கொட்டை என்று பதிவேட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.

நான் முதலில் சொன்ன சகோதரியின் பக்கத்தை அன்றே திருத்திவிட்டோம். ‘இல்லை’ என்பதை அடித்துவிட்டு, ‘மாடு வளர்ப்பு, வீட்டுப் பராமரிப்பு’ என்று எழுதி, பக்கத்தில் ஊக்குநர் அக்கா கையெழுத்துப் போட்டார். அந்தச் சகோதரி அதை இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார். “இவ்ளோ வேலையா பாக்கறேன்?” என்று கேட்டுவிட்டு, மாடு கத்தும் என்று கிளம்பிப் போனார்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது என் அம்மாவின் விண்ணப்பத்தையும் மாற்ற வேண்டும்.