ஸ்டியரிங் கோணல்: கோளாறு வீலில் இல்லை

லாரி நேராகத்தான் ஓடுகிறது. ஸ்டியரிங் வீல் மட்டும் இருபது டிகிரி சாய்ந்து நிற்கிறது. பழைய வண்டிகளில் அடிக்கடி காணும் இந்தக் கோணலுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. நடு நட்டைக் கழற்றி, வீலை உருவி, நேராக வைத்து மறுபடி மாட்டிவிடுவார்கள். தண்டின் முனையில் 36 பற்கள் இருந்தால், ஒரு பல் தள்ளி மாட்டினாலே 10 டிகிரி திரும்பிவிடும். கண்ணுக்குக் குறை மறைகிறது. வண்டிக்குள் அப்படியே இருக்கிறது.

ஏன் என்பதற்கு ஸ்டியரிங் பாக்ஸைத் திறந்து பார்க்க வேண்டும். 1940-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் காடிலாக் கார்களில் கொண்டுவந்த குண்டு-நட் அமைப்புதான் பிற்பாடு எண்ணற்ற லாரிகளுக்கும் வந்தது. திருகுத் தண்டின் மேல் ஒரு நட். இரண்டுக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் சுற்றிச் சுற்றி உருளும். நட்டின் வெளிப்பற்கள், விசிறி வடிவப் பற்சக்கரம் ஒன்றைத் திருப்பும். அந்தப் பற்களை அறுக்கும்போதே ஒரு நுட்பம் செய்கிறார்கள்: சரியான நடுவில் மட்டும் பிடி இறுக்கமாக இருக்கும், இருபுறமும் சற்றுத் தளரும். வண்டி பெரும்பகுதி நேரம் நேராகத்தானே ஓடுகிறது!

வீலை மட்டும் மாற்றி மாட்டினால், பாக்ஸ் நடுவைவிட்டு விலகியே நிற்கும். நேர்ச்சாலையிலும் தளர்ந்த பகுதியில்தான் வேலை செய்யும். அதனால் ஆட்டம் வரும், வண்டி அலையும். ஆட்டத்தைக் குறைக்க பாக்ஸின் மேலுள்ள சரிசெய்யும் திருகை அங்கேயே இறுக்கினால் இன்னும் ஆபத்து: உண்மையான நடுவைக் கடக்கும்போது பற்கள் இறுகிப் பிடித்துத் தேயும், திருப்பிய வீல் தானாகத் திரும்பி வராது.

சரியான இடம் டிராக் லிங்க். பாக்ஸின் பற்சக்கரம் அசைக்கும் டிராப் ஆர்மிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் கம்பி அது. லிங்கைக் கழற்றிவிட்டு, வீலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாகச் சுற்றி எண்ண வேண்டும். ஐந்து சுற்று வந்தால், இரண்டரையில் பாக்ஸின் நடு. அங்கே நிறுத்தி, முன்சக்கரங்களை நேராக்கி, லிங்கின் நீளத்தை அதற்கேற்ப மாற்றி மாட்டினால் போதும். சக்கரத்தோடு சேரும் ஆர்ம் 200 மி.மீ. என்றால், 3.5 மி.மீ. மாற்றம் சக்கரத்தை ஒரு டிகிரி திருப்பும். விகிதம் 20-க்கு 1 என்றால், மேலே வீலில் அது 20 டிகிரி!

ஆனால் லிங்கைத் தொடுவது கடைசி வேலை. பால் ஜாயிண்ட் தேய்மானம், டயர் காற்று ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் பட்டைகளின் சென்டர் போல்ட் உடைந்து பின் ஆக்ஸில் கோணினாலும், வண்டியை நேராக ஓட்ட வீலைச் சாய்த்தே பிடிக்க நேரும். இருபுறமும் முன்-பின் சக்கர இடைவெளியை அளந்தால் குட்டு வெளிப்படும். அடுத்து, முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டை ராட். சக்கரங்களின் உள்நோக்கு அளவை அதில் மாற்றினாலே வீலின் நடுவும் நகர்ந்துவிடும் என்பதால், அதை முடித்த பிறகே டிராக் லிங்க்.

கடைசியில் கிளாம்ப் போல்ட்டுகளை இறுக்கி, ஜாயிண்ட் நட்டுக்கு ஸ்ப்ளிட் பின் போட வேண்டும். துளை நேராகாவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கலாமே தவிர, தளர்த்தவே கூடாது. ஓட்டிப் பார்க்க மட்டமான சாலை வேண்டும். மழைநீர் வடிய ஓரம் சரிந்த சாலையில், கோளாறே இல்லாத வண்டியும் இடப்பக்கம் இழுக்கும்.