மொட்டைமாடி ஆன்டெனா எந்தத் திசையைப் பார்க்கிறது?

திருவள்ளூர் மாவட்டத்து வரைபடத்தை எடுத்து, சென்னை சுவாமி சிவானந்தா சாலையில் உள்ள தூர்தர்ஷன் கோபுரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து திருவள்ளூர் டவுனுக்கு ஒரு கோடு, கும்மிடிப்பூண்டிக்கு ஒரு கோடு. இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டுமே ஏறத்தாழ 42 கி.மீ.தான்! ஒன்று மேற்கே, இன்னொன்று வடக்கே, ஆனால் தூரம் ஒன்று.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. அதன் பிறகு இந்த இரண்டு ஊர்களிலும் மொட்டைமாடியில் ஏறிய ஒவ்வொரு ஆன்டெனாவும் அந்த ஒரே புள்ளியைத்தான் பார்த்தாக வேண்டும். திருவள்ளூரில் கிழக்கே, கொஞ்சமே கொஞ்சம் தெற்குச் சாய்வாக (வடக்கிலிருந்து 102 டிகிரி). கும்மிடிப்பூண்டியில் தெற்கே, கிழக்குச் சாய்வாக (154 டிகிரி). டிகிரி எல்லாம் வேண்டாம் என்றால் சுலபமான வழி ஒன்று உண்டு: உங்கள் ஊரிலிருந்து சென்னைக்குப் போகும் மின்சார ரயில் எந்தப் பக்கம் போகிறதோ, ஏறக்குறைய அந்தப் பக்கம்.

இன்றைக்கு அதே மாடிகளில் இருப்பது டிஷ். அவை எந்த ஊரிலும் ஒரே பக்கம்தான் பார்க்கின்றன. இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் இருக்கிற விஷயம் புரிந்துவிட்டால், ஆன்டெனா, டிஷ் இரண்டையும் ஆள் வைக்காமல் நாமே சரி செய்துகொள்ளலாம். மழைக்காலத்தில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

கோபுரம் எவ்வளவு தூரம் பார்க்கும்?

டிவி அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை என்பதால் ஒரு தூரத்துக்கு மேல் கோபுரம் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். கணக்கு சின்னதுதான்: கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்குங்கள். கி.மீ. கிடைக்கும். உங்கள் ஆன்டெனாவின் உயரத்துக்கும் அதே மாதிரி செய்து இரண்டையும் கூட்டுங்கள்.

கோபுரம் 150 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 50 கி.மீ. நம் ஆன்டெனா 9 மீட்டரில் இருந்தால் இன்னொரு 12 கி.மீ. ஆக மொத்தம் 62 கி.மீ. நமக்கு வேண்டியது 42. திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் எல்லைக்குள்தான், ஆனால் ரொம்ப வசதியான இடத்தில் இல்லை. சேப்பாக்கத்துக்காரர் டிவிக்குப் பின்னால் ஒரு கம்பியைச் செருகினால் போதும். நமக்கு மாடியும் குழாயும் வேண்டும். நம்முடையதைப் போன்ற சமவெளியில் ஆன்டெனாவின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் சிக்னல் தோராயமாக 6 டெசிபெல் கூடும். ஒரு நல்ல பூஸ்டரை விட இன்னும் 10 அடி குழாய் அதிகம் உதவுவது இதனால்தான்.

இந்தக் கணக்கு எப்போதும் பொய்க்காதா? பொய்க்கும், அதுவும் சுவாரசியமாக. 1982 பிப்ரவரி 15 அன்று இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. அதன் முக்கிய ஒளிபரப்பி 2,524 மீட்டர் உயரமான பிதுருதலாகல மலையில். கணக்குப்படி அது 220 கி.மீ. வரை எட்ட வேண்டும். ராமேஸ்வரம் அங்கிருந்து சுமார் 300 கி.மீ. ஆனாலும் நம் தென்கடற்கரையில் உயரமான குழாய் நட்டவர்கள் ரூபவாஹினி பார்த்தார்கள். கடலை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று போர்வை மாதிரி படிந்தால், அலை அதற்குள்ளேயே வளைந்து அடிவானத்தைத் தாண்டிப் போகும். சென்னைக் கோபுரம் அவர்களுக்கு 400 கி.மீ.க்கு மேல். பக்கத்து நாடு பக்கத்தில், தலைநகரம் தூரத்தில்!

குறுக்குக் கம்பிகளில் எது முன்னால்?

நாம் 'டிவி ஆன்டெனா' என்று சொல்லும் மீன் எலும்பு வடிவத்துக்குப் பெயர் யாகி. 1926இல் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உடா, ஹிடெட்சுகு யாகி இருவரும் உருவாக்கியது. பெரும்பாலான உழைப்பு உடாவுடையது, பெயர் நிலைத்தது யாகிக்கு.

இதில் கேபிள் இணைகிற கம்பி ஒன்றே ஒன்றுதான், டைபோல். அதற்குப் பின்னால் சற்று நீளமான கம்பி, அலையைத் திருப்பி அனுப்பும் பிரதிபலிப்பான். முன்னால் வரிசையாகச் சற்றுக் குட்டையான கம்பிகள், அலையை வழிநடத்துபவை. ஆக, குட்டைக் கம்பிகள் இருக்கும் முனைதான் கோபுரத்தைப் பார்க்கணும். மாற்றிக் கட்டிய ஆன்டெனாவில் சுத்தமாக ஒன்றும் வராது என்று இல்லை, கொஞ்சம் வரும். அதுதான் ஆபத்து. "ஏதோ வருதே" என்று அப்படியே விட்டுவிடுவார்கள்.

டைபோலின் நீளம் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதி. பழைய அனலாக் காலத்தில் கீழ் விஎச்எஃப் பட்டையில் 65 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அலைநீளம் 4.6 மீட்டர். பாதி 2.3 மீட்டர். அந்தக் காலத்து ஆன்டெனாக்கள் காக்கா கூட்டமே வந்து உட்காரும் அளவுக்குப் பெரிதாக இருந்ததற்குக் காரணம் இதுதான். யுஎச்எஃப் பட்டையில் 500 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 60 செ.மீ. பாதி 30 செ.மீ., ஒரு ஸ்கேல் நீளம்.

'டிஜிட்டல் ஆன்டெனா' என்று தனியாக ஒன்று கிடையாது. ஆன்டெனாவுக்குத் தெரிந்தது நீளமும் திசையும்தான். வருவது அனலாக்கா டிஜிட்டலா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. பரணில் கிடக்கும் பழைய பெரிய ஆன்டெனா இன்றைய டிஜிட்டல் ஒளிபரப்புக்கு ஒத்துவராது என்றால், அது நீளத்தால்.

கோஸ்ட் சொன்ன கதை

"இப்ப தெரியுதா?" "இன்னும் கொஞ்சம் திருப்பு!" "ஐயோ போச்சு, பழையபடி வை!" மாடியில் ஒருவர், ஜன்னலில் ஒருவர், டிவி முன்னால் ஒருவர் என்று வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரத்தில் நடந்த இந்த அஞ்சல் ஓட்டம் உண்மையில் ஒரு நல்ல அளவீட்டு முறை. அனலாக் படம் தனக்கு என்ன நோய் என்று தானே சொல்லும்.

படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தால் சிக்னல் பலவீனம். குறுக்கே கோடு கோடாக வெட்டினால் பக்கத்தில் வெல்டிங், பழைய மோட்டார், அல்லது உயர் அழுத்த மின்கம்பி. சிப்காட் பக்கம் இருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. ஒவ்வொரு ஆளுக்கும் வலது பக்கம் ஒரு நிழல் ஆள் நின்றால், அது கோஸ்ட்: அதே அலை ஏதோ ஒரு தகரக் கூரையில் பட்டுத் தாமதமாக வருகிறது.

அந்த நிழலை வைத்து தகரக் கொட்டகையையே கண்டுபிடிக்கலாம். திரையில் ஒரு வரியை இடமிருந்து வலமாக வரைய 52 மைக்ரோ விநாடி ஆகும். திரை 52 செ.மீ. அகலம் என்றால் 1 செ.மீ. நகர்வு 1 மைக்ரோ விநாடித் தாமதம். அந்த நேரத்தில் அலை 300 மீட்டர் போகும். நிழல் 2 செ.மீ. தள்ளி நின்றால், எதிரொலி 600 மீட்டர் அதிகமாகச் சுற்றி வந்திருக்கிறது. ஆன்டெனாவுக்கு நேர் பின்னால் கொட்டகை இருந்தால் போக 300, வர 300.

டிஜிட்டல் இப்படிப் பேசாது. படம் பளிச்சென்று இருக்கும், அல்லது கட்டம் கட்டமாக உடையும், அல்லது ஒன்றுமே இருக்காது. மெல்லச் சரிந்து போகிற பாதையே இல்லை, நேரே பள்ளம். அதனால் கண்ணை நம்பித் திருப்புகிற பழைய வித்தை இங்கே செல்லாது.

இப்போது என்ன செய்வது?

2016 பிப்ரவரியில் தூர்தர்ஷன் 16 நகரங்களில் டிவிபி-டி2 என்ற தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பை அறிமுகப்படுத்தியது. சென்னையும் அதில் ஒன்று. 2021-22க்குள் நாட்டின் பெரும்பாலான அனலாக் ஒளிபரப்பிகள் மூடப்பட்டன. தரைவழி டிஜிட்டலை முயல நினைத்தால் முதலில் உங்கள் டிவியின் விவரக் குறிப்பில் டிவிபி-டி2 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிகம் செலவழிக்காமல், ஒரு யுஎச்எஃப் யாகியைக் கடன் வாங்கியாவது மாடியில் வைத்துத் தேடிப் பாருங்கள். வந்தால் மட்டும் குழாய், கிளாம்ப் எல்லாம் வாங்கலாம்.

திருப்பும் முறை இதுதான். டிவி மெனுவில் இரண்டு அளவுகள் இருக்கும்: ஒன்று சிக்னல் பலம், இன்னொன்று தரம். பலத்தைப் பார்க்காதீர்கள், தரத்தைப் பாருங்கள். மட்டமான பூஸ்டர் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கி பலத்தை 90க்குக் கொண்டு போகும், தரம் அப்படியே கிடக்கும். ஆன்டெனாவை 10 டிகிரி திருப்பி, ஐந்து விநாடி பொறுங்கள், ஏனென்றால் மீட்டர் மெதுவாகத்தான் நகரும். இடது பக்கம் தரம் சரியும் இடத்தையும் வலது பக்கம் சரியும் இடத்தையும் குழாயில் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, நடுவில் நிறுத்துங்கள். உச்சத்தைத் தேடுவதை விட இரண்டு விளிம்புகளைத் தேடுவது சுலபம்.

பூஸ்டர் வேண்டுமென்றால் அது மாடியில், ஆன்டெனா பக்கத்திலேயே இருக்கணும். சாதாரண ஆர்ஜி-6 கேபிள் 20 மீட்டர் ஓடினால் யுஎச்எஃப் சிக்னலில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும். தின்ற பிறகு கீழே பெருக்கி என்ன பயன்?

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். குழாய் சரிந்து விழுந்தால்கூட மின்கம்பியைத் தொடாத தூரத்தில்தான் அதை நிறுத்தணும். தூக்கி நிறுத்தும்போது தனியாளாக இருக்கக்கூடாது. குழாயை நில இணைப்போடு சேர்க்கணும். பழவேற்காடு பக்கம் உப்புக்காற்று என்பதால் கேபிள் இணைப்புகளில் நீர் புகாத டேப் கட்டாயம்.

டிஷ் ஏன் ஒரே பக்கம் பார்க்கிறது?

மாதக் கட்டணம் இல்லாத இன்னொரு வழி டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் தொடங்கியது. இப்போது 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 வழியாக வருகிறது. அது பூமத்திய ரேகைக்கு மேல் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருப்பதால், திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே உள்ள தூரம் அதன் பார்வையில் ஒன்றுமே இல்லை. கணக்குப் போட்டால் கும்மிடிப்பூண்டியில் 134 டிகிரி, திருவள்ளூரில் 133. சுத்தமான தென்கிழக்கு. ஏற்றம் சுமார் 68 டிகிரி, கிட்டத்தட்ட தலைக்கு மேல். டிஷ் அவ்வளவு மல்லாந்து இல்லையே என்று தோன்றலாம். எல்என்பி கீழே தள்ளி இருக்கும் வகை டிஷ் என்பதால், அது பார்ப்பது தெரிவதை விட 20 டிகிரிக்கு மேல் உயரத்தை.

யாகி 10 டிகிரி தப்பினாலும் மன்னிக்கும். 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை மொத்தமே 3 டிகிரி அகலம். அதனால் இங்கே ஒவ்வொரு டிகிரியாக நகர்த்தணும். திசை, ஏற்றம் இரண்டும் சரியான பிறகு எல்என்பியை அதன் பிடிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி, தரம் எங்கே அதிகமோ அங்கே இறுக்குங்கள். போன் காம்பஸை தண்ணீர் டேங்க் கம்பி, இரும்புக் குழாய் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், இரும்பு அதைத் தடுமாற வைக்கும்.

ஆனால் டிஷ்ஷுக்கு ஒரு பலவீனம் உண்டு. அதன் அலைநீளம் 3 செ.மீ.க்கும் குறைவு. கனமழையில் துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். யுஎச்எஃப் அலைக்கு மழை ஒரு பொருட்டே அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது இந்தப் பக்கம் மின்சாரம், செல்போன், இணையம் எல்லாம் ஒன்றாகப் போனது நினைவிருக்கும். அப்படி ஒரு நாளில்தான் செய்தி அதிகம் தேவை, அதே நாளில்தான் டிஷ் கண்ணை மூடும். 42 கி.மீ. தள்ளி நிற்கும் கோபுரத்துக்கும் நம் மாடிக்கும் நடுவே கேபிள் இல்லை, செல்போன் டவர் இல்லை, மேகமும் பிரச்சினை இல்லை.

அதனால் என் பரிந்துரை: தினசரிப் பார்வைக்கு டிஷ் இருக்கட்டும். தரைவழி ஒளிபரப்பு உங்கள் மாடியில் எட்டுகிறதா என்பதை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, ஒரு வெயில் நாளில் சோதித்து வையுங்கள். எட்டினால் ஒரு சின்ன யாகியை இறக்காமல் விட்டுவிடுங்கள். எட்டாவிட்டால் பேட்டரியில் ஓடும் ஒரு ரேடியோவாவது அலமாரியில் இருக்கட்டும்.