கருவிக்கு ஓர் இடம்

காலை ஒன்பது மணி. தச்சுப் பட்டறை திறந்தாயிற்று. ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்க வேண்டும். அதற்குத் துளை போட வேண்டும். ட்ரில் மிஷின் மேசைமேல் இருக்கிறது. பிட்டை முடுக்கும் சாவியைக் காணோம்.

தச்சர் மேசைக்கு அடியில் குனிந்து தேடுகிறார். மரத்தூளைக் கிளறிப் பார்க்கிறார். உதவியாள் ஆணி டப்பாவைக் கொட்டிப் பார்க்கிறார். அரை மணி கழித்துச் சாவி கிடைக்கிறது. அது ஜன்னல் திட்டில் இருந்தது.

தினமும் இப்படி அரை மணி போகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 25 நாள் வேலை. மொத்தம் பன்னிரண்டரை மணி நேரம். ஒரு நாள் வேலை எட்டு மணி நேரம் என்றால், மாதம் ஒன்றரை நாள் கூலி தேடுவதிலேயே போகிறது.

போன கூலியை அடுத்த மாதம் சம்பாதிக்கலாம். ஆனால் கருவி கண்ட இடத்தில் கிடந்தால் விரலும் போகும். அதைத் திரும்பச் சம்பாதிக்க முடியாது.

உளியும் மிஷினும்

உத்தரப் பிரதேசத்தில் சகாரன்பூர் மரச் செதுக்கு வேலைக்குப் பேர் போன ஊர். ராஜஸ்தானில் ஜோத்பூர் மர மேசை, நாற்காலிக்குப் பேர் போனது. இந்த ஊர்களில் உளியும் சுத்தியலும் இன்றும் உண்டு. கூடவே ட்ரில், கிரைண்டர், அறுக்கும் மிஷின், இழைக்கும் மிஷின் எல்லாம் வந்துவிட்டன. நம் ஊர்ப் பட்டறையிலும் இதே கதைதான்.

உளியைக் கீழே போட்டால் அதன் முனை மழுங்கும். தீட்டிக்கொள்ளலாம். மிஷின் அப்படி இல்லை. நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். சுவிட்சை நிறுத்திய பிறகும் சில நொடிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். அது முழுக்க நின்ற பிறகுதான் கீழே வைக்க வேண்டும்.

எடுத்து வைக்கும் முன்

முதலில் சுவிட்சை நிறுத்த வேண்டும். பிறகு பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிளக்கைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே கம்பி அறும்.

சில மிஷின்களில் சுவிட்சைப் பூட்டி வைக்க ஒரு பட்டன் இருக்கும். கரண்ட் போன நேரத்தில் பலர் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். மறுநாள் பிளக்கைச் சொருகியதும் மிஷின் தானாகத் துள்ளி ஓடும். அதனால் எடுத்து வைக்கும் முன்னும், பிளக்கைச் சொருகும் முன்னும் அந்தப் பட்டனைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, பிட்டையும் பிளேடையும் கழற்ற வேண்டும். காற்றுப் போகும் துளைகளில் தூசி அடைந்திருக்கும். பழைய பெயின்ட் பிரஷால் தட்டி எடுத்தால் போதும். துளைகள் அடைத்துக்கொண்டால் மோட்டார் சூடேறிக் கருகும்.

வயரை மிஷினைச் சுற்றி இறுக்கிக் கட்டக் கூடாது. வயர் மிஷினுக்குள் நுழையும் இடத்தில்தான் முதலில் வெடிப்பு விழும். வயரைத் தளர்வாக, பெரிய வளையமாகச் சுற்றி ஒரு துணி நாடாவால் கட்டலாம்.

எங்கே வைப்பது?

கனமான மிஷின்களை இடுப்பு உயரத் தட்டில் வைக்க வேண்டும். தலைக்கு மேலே பரணில் வைத்தால், எடுக்கும்போது கை நழுவித் தலையில் விழும். தரையிலும் வைக்கக் கூடாது. மழைத் தண்ணீர் புகுந்தால் முதலில் நனைவது அதுதான். கீழ்த்தட்டு தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்ந்திருக்கட்டும்.

சின்னச் சாமான்களுக்குச் சுவரில் ஒரு பலகை அடிக்கலாம். பலகையில் ஆணி அடித்துக் கருவிகளை மாட்டலாம். ஒவ்வொரு கருவியைச் சுற்றியும் பெயின்டால் ஒரு கோடு வரைய வேண்டும். மாலையில் பட்டறையைப் பூட்டும்போது பலகையைப் பார்த்தால் போதும். எந்தக் கோட்டுக்குள் கருவி இல்லையோ, அந்தக் கருவி இன்னும் வெளியே இருக்கிறது.

ட்ரில் சாவியை ஒரு ரப்பர் நாடாவால் மிஷினின் வயரோடு கட்டிவிடலாம். அப்புறம் அது ஜன்னல் திட்டுக்குப் போகாது. சாவியை டிரில்லின் வாயில் மட்டும் விட்டுவைக்கக் கூடாது. மிஷின் ஓடினால் சாவி தெறித்து அடிக்கும்.

கிரைண்டர் டிஸ்குகளை உலர்ந்த இடத்தில் படுக்கையாக வைக்க வேண்டும். மேலே பாரம் ஏற்றக் கூடாது. வளைந்த டிஸ்கும் ஈரம் பட்ட டிஸ்கும் ஓடும்போது உடைந்து சிதறும்.

பேட்டரி மிஷின் உள்ளவர்கள் பேட்டரியைத் தனியாகக் கழற்றி வைக்க வேண்டும். ஆணி டப்பாவில் போடவே கூடாது. ஆணி இரண்டு முனைகளையும் தொட்டால் பேட்டரி சூடாகித் தீப்பிடிக்கும். வெயில் படும் இடமும் வேண்டாம். மரத்தூள் குவிந்த இடத்தில் சார்ஜ் போடவும் வேண்டாம்.

மழையும் மணலும்

கேரளத்தில் ஜூன் மாதம் மழை பிடித்தால் இரும்பெல்லாம் துருவேறும். பிட்டையும் பிளேடையும் துடைத்து, மிஷின் எண்ணெய் லேசாகத் தடவி வைக்க வேண்டும். மிஷினைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்க்கும். மரப்பெட்டியில் வைப்பது நல்லது. நனைந்த மிஷினை அப்படியே ஓட்டக் கூடாது. எலக்ட்ரீஷியனிடம் காட்டிய பிறகே ஓட்ட வேண்டும்.

ராஜஸ்தானில் கோடையில் புழுதிக் காற்று வீசும். அங்கே மூடி போட்ட பெட்டியோ, துணி உறையோ வேண்டும்.

படித்துப் பார்த்தால் தெரியும்

ஒவ்வொரு மிஷின் மேலும் எழுத்தும் எண்ணும் இருக்கும். படிக்கத் தெரிந்தவருக்கு அது பெரிய காவல்.

டிஸ்கின் மேல் ஒரு சுற்று எண் இருக்கும். அது மிஷினின் சுற்று எண்ணைவிடக் குறையக் கூடாது. நான்கு அங்குல டிஸ்கில் சுமார் 15,000 என்று போட்டிருக்கும். ஏழு அங்குல டிஸ்கில் சுமார் 8,500 என்றுதான் இருக்கும். சிலர் காப்பு மூடியைக் கழற்றிவிட்டு, பெரிய டிஸ்கைச் சின்ன மிஷினில் மாட்டுகிறார்கள். 8,500 சுற்றுக்குச் செய்த டிஸ்க் 11,000 சுற்று சுற்றினால் என்ன ஆகும்? வெடிக்கும். துண்டுகள் முகத்தில் பாயும்.

டிஸ்கின் நடு வளையத்தில் மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். அந்தக் காலம் கடந்த டிஸ்கை உடைத்துப் போட்டுவிட வேண்டும்.

மிஷின் மேல் சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருந்தால், அதற்கு இரண்டு முள் பிளக் போதும். அந்தக் குறி இல்லாத மிஷினுக்கு மூன்று முள் பிளக் வேண்டும். மேலே இருக்கும் தடித்த முள்தான் எர்த். அதை உடைத்துவிட்டுச் சொருகினால், உடம்பு வழியாகக் கரண்ட் பாயும்.

ஒரு நோட்டு

இருபது ரூபாய் நோட்டு ஒன்று போதும். கருவியின் பெயர், வாங்கிய தேதி, ரிப்பேர் பார்த்த தேதி, கார்பன் மாற்றிய தேதி எல்லாம் அதில் எழுதலாம். யாராவது இரவல் கேட்டால் அவர் பெயரையும் எழுதலாம். அப்புறம் "நான் வாங்கவே இல்லையே" என்ற பேச்சு வராது.

மாலையில் பத்து நிமிடம் ஒதுக்கினால் இத்தனையும் நடக்கும். வீட்டோடு பட்டறை உள்ளவர்கள் பெட்டியைப் பூட்டி, சாவியைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு யாரும் எதையும் தேட வேண்டாம். ஒன்பதே காலுக்குள் தாழ்ப்பாளுக்குத் துளை போட்டாகிவிடும்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் பட்டறையில் தரையில் கிடக்கும் கருவிகள் எவை?
2. உங்கள் கிரைண்டர் மேல் எந்தச் சுற்று எண் போட்டிருக்கிறது? டிஸ்கின் மேல் எந்த எண் இருக்கிறது?
3. நோட்டில் முதல் பக்கத்தில் எந்தக் கருவியின் பெயரை எழுதுவீர்கள்?