கூரை ஏசியும் கையடக்க ஜெனரேட்டரும்

அமெரிக்காவில் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிகளின் கூரையில் பொருத்தப்படும் ஏசி பெரும்பாலும் மணிக்கு 13,500 பி.டி.யூ. வெப்பத்தை வெளியேற்றவல்லது; 12,000 பி.டி.யூ. ஒரு டன் என்பதால், தமிழ்நாட்டுக் கடைகளில் சொல்லும் கணக்கில் அது ஒரு டன்னுக்குச் சற்று மேல். மின் இணைப்புள்ள முகாம்களில் அதை ஓட்டுவதில் சிக்கலில்லை. இணைப்பே இல்லாத பாலைநிலங்களில் தங்குவோர்தாம் கையில் தூக்கிச் செல்லும் பெட்ரோல் ஜெனரேட்டரை நம்ப வேண்டியிருக்கிறது.

இத்தகைய ஏசி ஓடும்போது ஏறத்தாழ 1,300 முதல் 1,600 வாட் வரை இழுக்கும். பரவலாக விற்கும் ஹோண்டா ஈ.யூ. 2200ஐ ஜெனரேட்டரோ 1,800 வாட்டைத் தொடர்ந்து தருவது. 2,200 வாட் என்பது சிறிது நேரமே தாங்கும் உச்சம். இவ்வளவில் கணக்கு சரியாகவே தோன்றும். ஆனால் சுழலும் மோட்டார் தனக்குள் ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. நின்றிருக்கும் மோட்டாரில் அந்தத் தடுப்பு இல்லாததால், குளிரூட்டும் வாயுவை அழுத்தும் கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு நொடிக்கும் குறைவான பொழுதில் வழக்கத்தைவிட நான்கைந்து மடங்கு மின்னோட்டம் பாய, ஜெனரேட்டரின் மிகைச்சுமைக் காப்பு மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது.

இரண்டு ஜெனரேட்டர்களை இணையாகப் பூட்டுவது பழைய தீர்வு. கம்ப்ரசருக்குச் செல்லும் மின்னோட்டத்தைப் படிப்படியாக உயர்த்தும் சாஃப்ட் ஸ்டார்ட்டரைப் பொருத்துவது அதைவிடச் சிக்கனமானது; எனினும் அது தொடக்கச் சுமையைக் குறைக்குமேயன்றி ஓடும் சுமையைக் குறைக்காது என்பதை வாங்குவோர் பலர் கவனிப்பதில்லை. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டர் ஏறும்போதும் காற்றின் அடர்த்தி குறைந்து எஞ்சின் தன் திறனில் ஏறத்தாழ 3.5 சதவீதத்தை இழப்பதால், 1,200 மீட்டருக்கு மேல் அமைந்த யூட்டா மாநிலத்து மோவாபில் 1,800 வாட் ஏறக்குறைய 1,550 ஆகச் சுருங்குகிறது. அங்கே கோடை வெயிலில் ஏசி இழுப்பதோ முன்சொன்ன 1,600 வாட் என்ற மேல்வரம்பை ஒட்டியே இருக்கும். மைக்ரோவேவ் அடுப்பையும் பேட்டரி சார்ஜரையும் அணைத்துவைத்தால்தான் ஓரளவு சமாளிக்க முடியும். சுமைக்கேற்ப எஞ்சின் வேகத்தைத் தாழ்த்தும் சிக்கன முறையையும் கம்ப்ரசர் கிளம்பும்வரை நிறுத்திவைப்பது நல்லது. அணைத்த ஏசியை வாயு அழுத்தம் சமனாகச் சில நிமிடம் விட்டே மீண்டும் இயக்க வேண்டும்.

பல தேசியப் பூங்கா முகாம்களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஜெனரேட்டருக்குத் தடை இருப்பதால், ஏசியில் உறங்கும் ஆசை அங்கே எப்படியும் நிறைவேறாது. தடையில்லாத இடத்திலும், எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமுமின்றி உறங்குவோரைக் கொல்லக்கூடிய நச்சுவாயு என்பதால், ஜெனரேட்டரை வண்டியிலிருந்து 6 மீட்டருக்குக் குறையாத தொலைவில், புகைபோக்கி வண்டிக்கு எதிர்ப்புறம் நோக்க வைத்து, உள்ளே அவ்வாயுவைக் கண்டறியும் கருவி இயங்குகிறதா என்பதையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.